கொடைக்கானல் மலைவழியில் – கோயில்களும் கல்லறைகளும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

கொடைக்கானல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஏரியும் படகும் பேரிக்காயும் பனிமூட்டமுமே ஆகும். கல்லறை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால், "கொடைக்கானல் என்னும் ஊர் தோன்றியதற்கே கல்லறைகள்தாம் காரணம்" என்று எங்கள் துறைப் பேராசிரியர் வகுப்பில் ஒரு நாள் கூறினார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்" என்றார். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் கல்விச் சுற்றுலா.

மாணவர் பதினான்கு பேர், பேராசிரியர் இருவர், ஒரு வேன். கொடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் தேவை என்பதால் அதனை முன்கூட்டியே பெற்றுக்கொண்டோம். அந்த ஒருநாள் பயணத்தில் கண்டவற்றையும், கண்டவற்றின் பின்னணியில் உள்ள வரலாற்றையும் சக மாணவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்பாடு

விடியற்காலையில் வத்தலக்குண்டில் தேநீர் அருந்தினோம். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரும் பிறந்த ஊர், 'எழுத்து' இதழ் நடத்திய சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊர் அது. அங்கிருந்து கொடைக்கானலுக்கு நேரே செல்லும் பெரிய சாலையை விட்டுவிட்டு, பட்டிவீரன்பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகப் பெருமாள்மலைக்குச் செல்லும் சுற்றுவழியைப் பேராசிரியர் தேர்ந்தெடுத்தார். "கல்லறைகளைக் கால வரிசைப்படி பார்க்க வேண்டுமானால் இந்த வழியில்தான் ஏற வேண்டும்" என்று அவர் சொன்னதன் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

வண்டி மலையேறத் தொடங்கியதும் சமவெளி வெயில் மறைந்தது. காப்பித் தோட்டமும், அதனூடே ஆரஞ்சும் மிளகுக் கொடியும், மலைவாழையும் மாறி மாறி வந்தன. வளைவு ஒவ்வொன்றிலும் சாலையோரம் வெட்டப்பட்ட கரும்பாறை தெரிந்தது. பழனிமலைத் தொடரின் பெரும்பகுதி இந்தப் பாறையால் ஆனதே. இதற்குப் புவியியலார் இட்ட பெயர் சார்னோகைட். அப்பெயர் வந்த வரலாறு விந்தையானது. கல்கத்தா நகரத்தின் தொடக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஜாப் சார்னோக் என்னும் ஆங்கிலக் கம்பெனி அதிகாரியின் கல்லறை அந்நகரின் புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. அக்கல்லறையில் பதித்த கல், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் பகுதியிலிருந்து சென்றது. 1893-ஆம் ஆண்டு அக்கல்லை ஆராய்ந்த புவியியல் அறிஞர் ஹாலந்து, அவ்வகைப் பாறைக்கு அந்தக் கல்லறைக்கு உரியவரின் பெயரையே சூட்டினார். ஆக, நாங்கள் கல்லறைகளைத் தேடி ஏறிய மலையே ஒரு கல்லறையிலிருந்து பெயர் பெற்ற பாறையால் ஆனது!

முதல் கல்லறைகள்: கல்திட்டைகள்

தாண்டிக்குடிப் பகுதியில் வண்டியை நிறுத்தி, தோட்டங்களின் நடுவே சிறிது தூரம் நடந்தோம். பலகைபோன்ற பெரிய கற்கள் நான்கு புறமும் சுவராக நிற்க, மேலே ஒரு பெருங்கல் மூடியாகக் கிடந்தது. இதுவே கல்திட்டை. இரும்புக் கால மக்கள் இறந்தோர்க்கு எடுத்த ஈமச் சின்னம் இது. நம் மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும், வாலியர் வீடு என்றும், குள்ளர் வீடு என்றும் பலவாறாக வழங்குவர். இவ்வளவு சிறிய அறையில் குள்ளர்தாம் வாழ்ந்திருக்க முடியும் என்று கருதியதால் வந்த பெயர் அது. வாழ்வதற்கான வீடு அன்று, இறந்தோர்க்கான வீடு என்று அறிந்தால் ஐயம் தீரும்.

பழந்தமிழகத்தில் இறந்தோரை அடக்கும் முறை ஒன்றாக இருந்ததில்லை. சுடுதல், வெட்டவெளியில் இடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த அறையில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐந்து முறைகளை மணிமேகலை குறிப்பிடுகிறது. சங்கப் பாடல்களில் வரும் கோடைமலையை இம்மலையாகவே அறிஞர் பலர் கொள்வர். கடியநெடுவேட்டுவன் என்னும் தலைவன் அம்மலைக்கு உரியவனாகப் புறநானூற்றில் பேசப்படுகிறான். மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் நாடும் இம்மலையின் வடக்கு அடிவாரமே. எனவே, வெள்ளையர் வந்த பிறகுதான் இம்மலையில் வரலாறு தொடங்கியது என்று எண்ணுவது பிழை. பளியரும் புலையரும் குன்னுவரும் வாழ்ந்த மலை இது.

இக்கல்திட்டைகளை முறையாக ஆராய்ந்து நூலாக்கியவர்கள் செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவியரான ஆங்கிலேட், நியூட்டன் ஆகிய இருவர் ஆவர். பழனிமலைக் கல்திட்டைகள் பற்றிய அவர்களது நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. 2000-க்குப் பின்னர்ப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத் தொல்லியலார் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தனர். மட்கலங்களும் மணிகளும் இரும்புப் பொருள்களும் இத்தகைய ஈமச் சின்னங்களில் கிடைக்கின்றன. இறந்தவர் பெயர் மட்டும் கிடைப்பதில்லை. எழுத்தில்லாத கல் அது.

கல்திட்டையின் மூடுகல்லைக் கையால் தடவிப் பார்த்த ஒரு மாணவர், "ஐயா, இதை எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள்?" என்று கேட்டார். பேராசிரியர் விடை கூறவில்லை. "அந்தக் கேள்வியை மாலை வரை வைத்திருங்கள்" என்றார்.

ஏன் ஏறினார்கள்?

பண்ணைக்காடு கடந்து, பெருமாள்மலையில் பெரிய சாலையை அடைந்து, வெள்ளியருவியையும் செண்பகனூரையும் தாண்டிக் கொடைக்கானலுக்குள் நுழைந்தோம். ஏறத்தாழ 7,000 அடி உயரம். இங்கே முதலில் வீடு கட்டித் தங்கிய வெளிநாட்டார் யாவர், அவர்கள் ஏன் வந்தனர் என்பதை அறிந்தால்தான் அடுத்து நாங்கள் கண்ட கல்லறைத் தோட்டம் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன், 1834-இல் மதுரைக்குத் தன் கிளையை விரித்தது. வந்தவர்கள் பள்ளிகள் தொடங்கினர். ஆனால் காலராவும் காய்ச்சலும் அவர்களை விடவில்லை. பத்தாண்டுகளுக்குள் மிஷன் குடும்பங்களில் பெரியவரும் குழந்தைகளுமாகப் பலர் இறந்தனர். உடல்நலம் தேடி முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். ஏறத்தாழ 4,000 அடி உயரமுள்ள சிறுமலையிலும் காய்ச்சல் கண்டது. அதன் பின்னரே பழனிமலையின் மேல்தளத்தை நாடினர். 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்கள் எழுந்தன. அவையே கொடைக்கானல் குடியிருப்பின் தொடக்கம். அதற்கு முன்பே 1821-இல் வார்டு என்னும் அதிகாரி இம்மலையை அளந்ததும், 1836-இல் ராபர்ட் வைட் என்னும் தாவரவியலார் செடி சேகரித்ததும் உண்டு. ஆனால் அவர்கள் வந்து சென்றவர்கள். தங்குவதற்கென்று வந்தவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த இவர்களே.

சிறுமலை கைவிட்டதையும் கொடைக்கானல் காத்ததையும் அறிவியல் எவ்வாறு விளக்குகிறது? அக்காலத்தில் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பினர். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். எனவே நல்ல காற்றைத் தேடி மலையேறினர். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் செய்த ஆய்வால், மலேரியாவைப் பரப்புவது கொசு என்று தெரிந்தது. கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி வளர்ந்து முதிர ஓரளவு வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே அவ்வளர்ச்சி நின்றுவிடுகிறது. சிறுமலையில் அந்தக் குளிர் இல்லை, கொடைக்கானலில் உண்டு. காலராவோ அசுத்த நீரால் பரவுவது. மக்கள் நெருக்கமில்லாத மலையுச்சியில் ஓடை நீர் தூய்மையாக இருந்தது. ஆக, அவர்கள் எண்ணிய காரணம் தவறு. தேர்ந்தெடுத்த இடம் சரி. எத்தனையோ சிறு கல்லறைகளுக்குப் பிறகு கிடைத்த சரியான விடை அது.

பழைய கல்லறைத் தோட்டம்

கொடைக்கானலின் முதல் கிறித்தவக் கோயில் சரிவான ஓரிடத்தில் 1850-களில் கட்டப்பட்டது. அமெரிக்க மிஷனாரும் இங்கிலாந்துத் திருச்சபையாரும் அதைப் பொதுவாகப் பயன்படுத்தி வந்தனர். பின்னர் ஒவ்வொருவரும் தனித்தனியே வேறு இடங்களில் கோயில் எழுப்பிக்கொண்டனர். முதல் கோயிலில் இன்று வழிபாடு இல்லை. அதைச் சுற்றியிருந்த கல்லறைகளே எஞ்சியுள்ளன.

மரங்களின் நிழலில், ஈரமான புல்லும் பாசியும் படர்ந்த அவ்விடத்தில் நுழைந்ததும் வேனில் பாட்டுப் பாடி வந்த நாங்கள் தாமாகவே அமைதியானோம். சிலுவை வடிவக் கற்கள், கிடைக்கல் பலகைகள், உடைந்த சிறு தூண்கள். பல கற்களில் எழுத்துத் தேய்ந்துவிட்டது. எங்களை நிற்க வைத்தவை பெரிய கல்லறைகள் அல்ல. முழ நீளமே உள்ள சிறிய கல்லறைகள். அவற்றில் வயது ஆண்டுக் கணக்கில் இல்லை. மாதக் கணக்கில் இருந்தது. பெயருக்குக் கீழே இன்னாரின் மகள், இன்னாரின் மகன் என்ற ஒரு வரி. அவ்வளவே.

காலையில் வகுப்பறைச் சொல்லாக நாங்கள் கேட்டுச் சிரித்தது அங்கே பொருள் கொண்டது. குழந்தைகளைக் காப்பதற்காக ஏறிய மலையிலும் குழந்தைகள் இறந்தனர். நோயிலிருந்து முற்றிலும் தப்ப அக்காலத்தில் எந்த உயரமும் போதவில்லை.

இத்தகைய கல்லெழுத்துகளைத் தொகுக்கும் பணி நம் மாநிலத்தில் புதியதன்று. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி, அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த கல்லறைகளின் வாசகங்களைத் திரட்டி 1905-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அவர் படித்த எழுத்துகளில் இன்று தேய்ந்து மறைந்தவை எத்தனையோ. 1976-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளைப் பதிவு செய்து வருகிறது. நம் நாட்டில் இருப்பதை எழுதி வைக்க அயல்நாட்டார் சங்கம் அமைத்துள்ளனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கும் முறையைப் பேராசிரியர் அங்கேயே கற்றுத் தந்தார். கல்லைச் சுரண்டுதலும் அமிலம் ஊற்றுதலும் கூடவே கூடாது. சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் கல்லைக் கெடுக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துத் தோன்றும். வெயில் இல்லாவிட்டால், ஒரு கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும். தெளிவானதும் கைப்பேசியில் படமெடுத்து, பிழையிருந்தாலும் உள்ளது உள்ளபடியே குறிப்பேட்டில் எழுத வேண்டும். இம்முறையில், வெறும் கல் என்று நாங்கள் கடந்துபோன ஒன்றில் அரை மணி நேரத்தில் ஓர் ஆண்டையும் ஒரு பெயரின் பாதியையும் படித்துவிட்டோம். தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைவிட அது எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது.

சலேத் அன்னை ஆலயம்

கத்தோலிக்கர் வரலாறு தனி. பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவான லூயி சென் சீர் 1860-இல் இங்கே ஒரு பங்களாவை வாங்கினார். மதுரைப் பகுதியில் பணியாற்றி நோயுற்ற குருமார் ஓய்வு கொள்வதற்கே அது பயன்பட்டது. 1866-இல் அவர் முயற்சியால் சலேத் அன்னை ஆலயம் எழுந்தது. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைச் சிற்றூரான லா சலேத்தில் 1846-இல் ஆடு மாடு மேய்த்த சிறுவர் இருவர்க்கு மரியன்னை காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புவர். மலைமேல் தோன்றிய அன்னைக்கு மலைமேலேயே ஆலயம் அமைந்தது பொருத்தமே.

ஆகஸ்டு 14, 15 ஆகிய நாட்களில் இங்கு நடைபெறும் திருவிழா கொடைக்கானலின் பெருவிழா. தேர்ப்பவனி காணச் சமய வேறுபாடின்றி மலைக் கிராம மக்கள் கூடுவர். அந்நிய நாட்டுப் பெயர் 'சலேத் மாதா' என்று நம் நாவில் பழகிப்போனது. கட்டியவரின் நாட்டைவிடக் கும்பிடுபவரின் நாடே இறுதியில் ஒரு கோயிலுக்குச் சொந்தமாகிறது என்பதற்கு இது சான்று.

சாலையில் வரும்போது கண்ட செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரி 1895-இல் தொடங்கப்பட்டது. அதன் அருங்காட்சியகத்தில் மலையின் செடிகொடிகளும் உயிரினங்களும், கல்திட்டைகளில் கிடைத்த பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன. காலையில் திட்டையைப் பார்த்தவர்கள் அங்கே அதற்குள்ளிருந்த பொருளையும் பார்க்கலாம்.

பேதுரு ஆலயமும் கால்டுவெல்லும்

கோக்கர் நடைபாதையை ஒட்டியுள்ள புனித பேதுரு ஆலயம் 1884-இல் கட்டப்பட்டது. கல் சுவரும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட அழகிய சிறு கோயில். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது, முன்பு ஒரே கோயிலைப் பகிர்ந்துகொண்டு பின்னர்ப் பிரிந்த பிரிவுகள் மீண்டும் ஒரு குடைக்கீழ் வந்தன.

தமிழ் மாணவர்கள் இக்கோயிலின் முன் சற்று நின்று செல்ல வேண்டும். இதனை எழுப்பியவர் நாம் பாடநூலில் படிக்கும் ராபர்ட் கால்டுவெல். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழும் அதன் இனமொழிகளும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை உலகறிய நிறுவியவர். அயர்லாந்தில் பிறந்து 1838-இல் சென்னை வந்த அவர், 1841-இல் திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே வந்து சேர்ந்தவர். இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். கொற்கையில் அகழ்ந்து பார்த்து முதுமக்கள் தாழிகளைப் பற்றி எழுதியவரும் அவரே. இறந்தோரின் சின்னங்களில் வரலாறு தேடும் கலையில் அவர் நமக்கு முன்னோடி.

முதுமையில் 1891 ஜனவரி இறுதியில் பேராயர் பொறுப்பிலிருந்து விலகிக் கொடைக்கானலில் தங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், தம் 77-ஆம் வயதில் இங்கேயே காலமானார். ஆனால் அவர் கல்லறை இங்கு இல்லை. அவர் உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இடையன்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே அவர் நெடுங்காலம் முயன்று கட்டி, 1880-இல் திறந்த திரித்துவ ஆலயத்தின் பீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. குளிர்ந்த மலையில் இடம் இருந்தும், வாழ்ந்த தேரிக்காட்டு ஊருக்கே அவர் திரும்பினார். எந்த மண்ணில் ஒருவர் அடங்குகிறார் என்பதும் ஒரு வாக்குமூலம் அல்லவா?

தூக்கியவர்கள்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 1891-இல் அந்த உடலை மலையிலிருந்து இறக்கியவர் யார்?

அப்போது மோட்டார்ச் சாலை இல்லை. 1875-ஐ ஒட்டித் தென்பகுதிக்கு ரயில் வந்த பிறகு, கொடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூரில் இறங்குவர். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரமான கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து செண்பகனூர் வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. அதற்குக் 'கூலி காட்' என்றே பெயர். நடக்க முடிந்தவர் நடப்பர். சிலர் மட்டக் குதிரையில் ஏறுவர். பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் டோலியிலும் நாற்காலியிலும் வைத்துக் கூலியாட்கள் தூக்கிச் செல்வர். மூட்டை முடிச்சும் வீட்டுச் சாமான்களும் தலைச்சுமையாகவே ஏறின. நோயாளியை ஏற்றிய தோள்களே இறந்தவரையும் இறக்கியிருக்க வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. என் பாட்டியின் ஊர் தேவதானப்பட்டிக்கு அருகில் உள்ளது. பாட்டியின் தாத்தா டோலி தூக்கியவர். "அவர் தோளில் நெல்லிக்காய் அளவுக்குக் காய்ப்பு இருக்கும், சட்டை போட்டாலும் தெரியும்" என்று பாட்டி சொல்வார். நள்ளிரவில் தீப்பந்தத்தோடு புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் பாதி மலை ஏறிவிடுவார்களாம். கீழே வெயில், மேலே குளிர். போர்த்திக்கொள்ள ஒரே துண்டு. சிறுவயதில் இதைக் கதையாகக் கேட்டிருக்கிறேன். அன்று பேதுரு ஆலயத்தின் முன் நின்றபோதுதான், அது கதை அன்று, வரலாறு என்று உணர்ந்தேன்.

பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். "அவர் கல்லறை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஊர்ச் சுடுகாட்டு ஓரத்தில்தான் புதைத்தார்கள். கல் ஒன்றும் நடவில்லை. இப்போது அந்த இடம் தோட்டமாகிவிட்டது" என்றார். சற்று நேரம் கழித்து, "நீதான் முதன்முதலாக அதைக் கேட்கிறாய்" என்றும் சொன்னார்.

மிஷன் குழந்தைக்குக் கல் இருக்கிறது. அதன் பெயரை நாங்கள் கண்ணாடி ஒளியில் படித்தோம். அக்குழந்தையைப் போன்ற எத்தனையோ பேரைத் தோளில் சுமந்தவர்க்குக் கல் இல்லை. இதில் அக்குழந்தையின் பிழை ஏதும் இல்லை. அதன் பெற்றோர் கண்ணீரும் பொய்யில்லை. ஆனால் கல்லில் உள்ளவற்றை மட்டும் படித்துவிட்டு இதுவே கொடைக்கானலின் வரலாறு என்று எழுதினால், அது பாதி வரலாறே ஆகும்.

இறங்கும் வழி

மாலையில் பெரிய சாலை வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். மேஜர் லா என்பவரின் பெயரால் 'லாஸ் காட்' என்று வழங்கும் சாலை இது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஐ ஒட்டி இது மோட்டார் வண்டிகளுக்கு ஏற்றதாயிற்று. சாலை வந்ததும் டோலிக்காரர்களின் பிழைப்பு மறைந்தது. கூலி காட்டில் இன்று ஏறுவோர் பொழுதுபோக்குக்காக மலையேறுபவர்களே.

சாலையைத் திட்டமிட்டவர் பெயர் சாலைக்கு நின்றது. ஏரியை 1863-இல் அமைத்த மதுரை ஆட்சியர் லெவிஞ்சின் பெயர் ஏரியோடு நின்றது. பாறையை உடைத்தவர், மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. காலையில் கல்திட்டையின் முன் மாணவர் கேட்ட கேள்வியைப் பேராசிரியர் அப்போது நினைவுபடுத்தினார். "மூடுகல்லை எத்தனை பேர் தூக்கினார்கள் என்று கேட்டீர்களே, இப்போது விடை சொல்லுங்கள்" என்றார். வேனில் யாரும் பேசவில்லை. எண்ணிக்கை தெரிந்து ஆவதென்ன? தூக்கியவர்கள் இருந்தார்கள் என்பதை மறவாமலிருப்பதே விடை என்று எனக்குத் தோன்றியது.

நாம் செய்யத்தக்கது

கல்லெழுத்து ஒரு பக்கம் தேய்கிறது. முதியவர் நினைவு மறுபக்கம் மறைகிறது. இரண்டையும் பதிவு செய்யப் பெரும்பொருள் தேவையில்லை. மாணவர் உழைப்பே போதும். அதற்காக எங்கள் வகுப்பு ஒரு பதிவேடு தொடங்கியுள்ளது. அதில் நான்கு பத்திகள். முதலாவது, கல் இருக்கும் இடம். இரண்டாவது, அதில் உள்ள வாசகம். மூன்றாவது, எழுத்தின் மொழியும் கல்லின் நிலையும். நான்காவது, அவ்விடத்தைப் பற்றி ஊரார் கூறும் செய்தி. கல்லறைத் தோட்டம் மட்டுமன்றி, ஊர் எல்லையில் உள்ள நடுகல், தர்கா வளாகத்து அடக்கத்தலம், கரையோர இடுகாடு ஆகிய எதுவும் இதில் இடம்பெறலாம். கல் இல்லாத இடத்திற்கு நான்காம் பத்தி மட்டுமேனும் நிரப்பப்படும்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் கொடைக்கானல் பழைய கல்லறைத் தோட்டத்தில் படித்த பாதிப் பெயர் எழுதப்பட்டுள்ளது. இரண்டாம் பக்கத்தில் முதல் மூன்று பத்திகளும் வெறுமையாக உள்ளன. நான்காம் பத்தியில் என் பாட்டி சொன்னதை எழுதியிருக்கிறேன்.

முடிவுரை

ஒரே மலைவழியில் மூவகைக் கல்லறைகளைக் கண்டோம். பெயரில்லாத கல்திட்டைகள், பெயருள்ள கிறித்தவக் கல்லறைகள், கல்லே இல்லாத சுமைதூக்கிகள். இம்மூன்றையும் சேர்த்துப் படிப்பதே வரலாறு. அடுத்த முறை கொடைக்கானல் செல்லும் நண்பர்கள் ஏரியில் படகு விடட்டும், பேரிக்காயும் வாங்கட்டும். கூடவே அரை மணி நேரம் ஒதுக்கி, பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லையாவது படித்து வரட்டும். திரும்பியதும் வீட்டில் உள்ள பெரியவரிடம், "நம் குடும்பத்தில் யாராவது அந்த மலையில் வேலை செய்தார்களா?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். வரும் விடையை எங்கள் பதிவேட்டில் எழுதித் தருமாறு அனைவரையும் அன்புடன் வேண்டுகிறோம். பதிவேடு வரலாற்றுத் துறை அறையில் உள்ளது.